மேம்படுத்திய பழைய வீட்டுக் கணினிகளைக் கண்காட்சியில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொமோடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, அமிகா போன்ற 1980களின் வீட்டுக் கணினிகளில் எஸ்டி கார்டு, ராஸ்பெர்ரி பை, புதிய பவர் சப்ளை என்று இக்காலப் பாகங்களைச் சேர்த்து, பொதுமக்கள் தொட்டு இயக்கும்படி மேசையில் வைப்பவர்களுக்கான பக்கம் இது. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. முன்பின் தெரியாத கைகளில், உரிமையாளர் டீ குடிக்கப் போன நேரத்திலும், காலை முதல் மாலை வரை ஓட வேண்டிய இயந்திரத்தைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

புதுப் பாகம் சேர்த்த கணினியைக் கண்காட்சியில் அனுமதிப்பார்களா?

பெரும்பாலும் அனுமதிப்பார்கள். 1997-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் இன்று நியூ ஜெர்சி, மவுண்டன் வியூ, சிகாகோ வட்டாரம், மியூனிக் எனப் பல இடங்களில் நடக்கிறது. அங்கெல்லாம் பிளாப்பிக்குப் பதில் எஸ்டி கார்டில் ஓடும் இயந்திரங்கள் சர்வசாதாரணம். எதைச் சேர்த்தீர்கள் என்பதை மறைத்தால்தான் சிக்கல். விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்: எத்தனை இயந்திரம், எவ்வளவு மின்சாரம், பார்வையாளர் தொடலாமா, உள்ளே எது புதியது. போட்டி அல்லது பரிசு உள்ள நிகழ்ச்சியானால், அசல் நிலைக்கும் மேம்படுத்தியதற்கும் தனிப் பிரிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது?

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: நாளை வேறொருவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சாக்கெட்டில் உள்ள சிப்பைக் கழற்றி அதே இடத்தில் புதிய போர்டு செருகுவது, பின்புற போர்ட்டில் கார்ட்ரிட்ஜ் மாட்டுவது, வெளியே இருக்கும் பவர் சப்ளையை மாற்றுவது எல்லாம் இந்த வகை.

உடலில் ஓட்டை போடுவது அப்படியல்ல. எச்டிஎம்ஐ போர்ட் வெளியே தெரிய வேண்டும் என்று அமிகா 500-இன் பின்பக்க பிளாஸ்டிக்கை அறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 500-க்கு அடியில் மெமரி விரிவாக்கத்துக்கான மூடி ஒன்று இருக்கிறது. தட்டையான எச்டிஎம்ஐ கேபிளை அதன் வழியே வெளியே எடுத்துவிடலாம். அறுக்கத் தேவையே இல்லை.

சால்டர் வைக்க வேண்டிய வேலைகள் இரண்டுக்கும் நடுவே வருகின்றன. பழுதான மெமரி சிப்பை எடுத்துவிட்டு சாக்கெட் வைப்பது பழுதுபார்ப்பு. அதில் தயக்கம் வேண்டாம். நன்றாக இயங்கும் சிப்பை, இன்னும் வேகமாக வேண்டும் என்பதற்காக போர்டிலிருந்து பிடுங்குவது வேறு கதை. எதைக் கழற்றினாலும் ஆன்டி-ஸ்டாடிக் பையில் போட்டு, எந்த இயந்திரத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதி, அந்த இயந்திரத்தின் பெட்டியோடே வையுங்கள்.

ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் காசு இருக்கிறது. எதைச் செய்வது?

பவர் சப்ளை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கொமோடோர் 64-இன் அசல் பவர் சப்ளை பல மாடல்களில் எப்பாக்ஸி ஊற்றி அடைத்த கனமான கட்டி. அது இரண்டு மின்னழுத்தம் தரும்: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. உள்ளே சூடு போக வழியில்லாமல் 5 வோல்ட் ரெகுலேட்டர் காலப்போக்கில் கெடுகிறது. அது கெடும் விதம்தான் ஆபத்தானது. மின்சாரம் நின்றுபோவதற்குப் பதில் 5 வோல்ட் 6, 7 என்று ஏறிவிடும். முதலில் மெமரி சிப்கள் போகும், பிறகு மற்றவை. கணினியின் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். கணினியை ஓடவிட்டு, கேசட் போர்ட்டின் முதல் பின்னுக்கும் இரண்டாவது பின்னுக்கும் நடுவே அளவு எடுங்கள்; முதலாவது கிரவுண்ட், இரண்டாவது 5 வோல்ட். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். மீட்டரின் முனை பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். முனை தவிர மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். சுமை இல்லாமல், பிளக்கில் மட்டும் அளந்து “சரியாக இருக்கிறது” என்று முடிவு கட்டாதீர்கள். இன்று சரியாக இருப்பது நாளை மதியம் 3 மணிக்கு அரங்கத்தின் சூட்டில் மாறலாம். ஆகவே அசல் சப்ளையைக் காட்சிப்பொருளாகப் பக்கத்தில் வையுங்கள். மின்சாரத்தைப் புதியதிலிருந்து கொடுங்கள்.

புதியதை வாங்கும்போது 9 வோல்ட் ஏசியும் அதில் உண்டா என்று பாருங்கள். பழைய போர்டுகளில் படச் சிப்புக்கும் ஒலிச் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட் அந்த ஏசியிலிருந்துதான் உருவாகிறது. 5 வோல்ட் அடாப்டரை மட்டும் வெட்டி ஒட்டினால் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும்.

ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர். பிளக்கின் நடுமுனை நெகட்டிவ் என்பதை மறக்காதீர்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் சேதம் நிச்சயம். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் கொதிக்கும். அதே மூன்று கால் அமைப்பில் வரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரை அங்கே பொருத்தினால் உள்வெப்பம் பாதியாகக் குறைந்தது போலிருக்கும். கண்காட்சிக்கு இது மிகவும் பயனுள்ள சிறு மாற்றம்.

பரணில் கிடந்த பெட்டியை எடுத்து அப்படியே பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

கூடாது. குறிப்பாக பிபிசி மைக்ரோவையும் பழைய ஆப்பிள் 2-ஐயும். இவற்றின் பவர் சப்ளையில் ரிஃபா என்ற பெயருள்ள, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் கெபாசிட்டர்கள் இருக்கும். மேல் பூச்சில் மயிரிழை விரிசல்கள் தெரியும். அதன் வழியே ஈரம் உள்ளே போய், மின்சாரம் கொடுத்த சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வெடித்து அறை முழுக்க நாற்றப் புகை கிளப்பும். கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கூட்டம் நிறைந்த அரங்கத்தில் புகை வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிபிசி மைக்ரோ மாடல் பி-யில் இப்படி இரண்டு: 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட். அதே மதிப்பில், எக்ஸ்2 தரமுள்ள பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் போடுங்கள். சாதாரண கெபாசிட்டர் அந்த இடத்துக்கு ஆகாது. பவர் சப்ளையைத் திறந்து பழக்கமில்லாதவர் இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அமிகா என்றால் பேட்டரியைத் தேடுங்கள். 500 பிளஸ், 2000, 3000, 4000 போர்டுகளிலும், 500-க்கு அடியில் செருகும் ஏ501 மெமரி அட்டையிலும் நிக்கல்-காட்மியம் பேட்டரி உண்டு. அது ஒழுகி, பச்சைப் பூஞ்சை மாதிரிப் படர்ந்து தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுங்கள், ஒழுகலை நீர்த்த வினிகரால் துடையுங்கள் (ஒழுகுவது காரம், அதனால் அமிலம்), தண்ணீரால் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு உலர்த்துங்கள். அந்த இடத்தில் 2032 நாணயப் பேட்டரி வைப்பவர்கள் அதோடு ஒரு டையோடையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு அதை சார்ஜ் செய்யப் பார்க்கும்.

பிளாப்பி, கேசட்டுக்குப் பதில் எதை வைப்பது?

கொமோடோர் 64-இன் 1541 பிளாப்பி டிரைவ் விநாடிக்கு 300-400 பைட் வேகத்தில்தான் படிக்கும். 50 கிலோபைட் விளையாட்டு ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல். ஸ்பெக்ட்ரம் கேசட்டில் 48 கிலோபைட்டுக்கு நான்கைந்து நிமிடம். எந்தப் பார்வையாளரும் அதுவரை நிற்க மாட்டார். ஆகவே இந்த மேம்பாட்டை யாரும் குறை சொல்வதில்லை. எதைத் தேர்வது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

கொமோடோர் 64-க்கு மலிவான வழி, எஸ்டி கார்டை டிரைவாகக் காட்டும் எஸ்டி2ஐஇசி. அது 1541-ஐ முழுதாகப் பாவனை செய்வதில்லை. டிரைவுக்குள் இருக்கும் 6502 செயலி அதில் கிடையாது. தனக்கென ஒரு ஃபாஸ்ட்லோடர் (வேகமாக ஏற்றும் நிரல்) வைத்திருக்கும் விளையாட்டு, டிரைவின் செயலிக்கே நிரலை அனுப்பி ஓடச் சொல்லும். எஸ்டி2ஐஇசி தனக்குத் தெரிந்த சில ஃபாஸ்ட்லோடர்களை மட்டும் அடையாளம் கண்டு சமாளிக்கும், மற்றவற்றில் திரை உறைந்து நிற்கும். இயந்திரத்தின் திறமையைக் காட்டவே எழுதிய டெமோ நிரல்களில் இது இன்னும் மோசம். “வீட்டில் பத்து விளையாட்டு ஓடிற்று, பதினோராவது ஏன் ஓடவில்லை” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பை1541, ராஸ்பெர்ரி பை 3-இல் லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடி, டிரைவின் செயலியைச் சுழற்சிக்குச் சுழற்சி பாவனை செய்கிறது. 1541 அல்டிமேட் கார்ட்ரிட்ஜும் முழு டிரைவாக நடந்துகொள்ளும், விலை கூடுதல். கண்காட்சியில் ஒரே விளையாட்டைத்தான் காட்டப் போகிறீர்கள் என்றால் இவை எதுவும் வேண்டாம். ஈஸிஃபிளாஷ் அல்லது குங்ஃபூ ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போதும். சுவிட்சைப் போட்டதும் விளையாட்டு நேராக வரும். யாராவது குழப்பிவிட்டால் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தன்னார்வலரிடம் மேசையை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அமிகாவுக்கு, பென் டிரைவைப் பிளாப்பியாகக் காட்டும் கோட்டெக் டிரைவ், ஃபிளாஷ்ஃபிளாப்பி நிரல் ஏற்றியது. முதல் டிரைவாக வேலை செய்ய ஜம்பரை எஸ்0 இடத்தில் வையுங்கள். யுஎஸ்பி பென் டிரைவ் ஃபேட்32-வில் இருக்க வேண்டும். மூன்று இலக்கக் காட்சிக்குப் பதில் சிறு ஓஎல்இடி திரை மாட்டினால் வட்டின் பெயரே தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான பென் டிரைவைப் பார்வையாளரின் பை இடித்து உடைக்கும். நகம் அளவு பென் டிரைவையே வாங்குங்கள்.

ஸ்பெக்ட்ரத்துக்கு, எஸ்டி கார்டிலிருந்து ஏற்றும் டிவ்எம்எம்சி. செருகும்போதும் கழற்றும்போதும் மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும். பின்புற எட்ஜ் கனெக்டர் சற்றே சாய்ந்தாலும் ஷார்ட் ஆகி, உள்ளே 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் உண்டாக்கும் சர்க்யூட் கெடும். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் 4116 மெமரி சிப்கள் தாங்காது. பார்வையாளர் கணினியைத் தன் பக்கம் இழுத்தாலே இது நடக்கலாம் என்பதால் கணினியையும் டிவ்எம்எம்சியையும் சேர்த்து ஒரே பலகையில் பொருத்திவிடுங்கள்.

எந்த இயந்திரமானாலும் கார்டுக்கு இரண்டு நகல். மூன்றாவது நகல் வீட்டில்.

பார்வையாளர் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆபத்தா?

ஆபத்துதான். கொமோடோர் 64-இல் ஜாய்ஸ்டிக் போர்ட்டின் கம்பிகள் இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் சிஐஏ 6526 சிப்புக்குப் போகின்றன. கார்பெட் விரித்த, ஏசி போட்ட, வறண்ட அரங்கத்தில் நடந்து வருபவரின் விரல் நுனியில் சில ஆயிரம் வோல்ட் நிலை மின்சாரம் இருக்கும். அவர் திறந்த போர்ட்டின் பின்னைத் தொட்டால் சிப் போகும். போனால் ஜாய்ஸ்டிக்கோடு கீபோர்டும் சேர்ந்து போகும், ஏனென்றால் இரண்டையும் படிப்பது அதே சிப்.

ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் கேபிளை நிரந்தரமாக மாட்டி, கணினியோடு கட்டிவிடுங்கள். ஆட்டமும் இழுப்பும் கேபிளோடு நிற்கும். பயன்படுத்தாத போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி. ஒருவர் ஆடும் விளையாட்டானால் இரண்டாவது போர்ட்டில் ஆடுவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் போர்ட் கீபோர்டின் கம்பிகளைப் பகிர்வதால் குச்சியை ஆட்டினால் திரையில் எழுத்துகள் விழும். உதிரி ஜாய்ஸ்டிக் குறைந்தது இரண்டு வேண்டும். சிறுவர்கள் நிறைந்த சனிக்கிழமையில் ஒன்று உடைவது உறுதி.

சிஆர்டி மானிட்டரா, எல்சிடியா?

தூக்கிச் செல்ல முடிந்தால் சிஆர்டி, அதாவது பழைய படக்குழாய் மானிட்டர். இந்த இயந்திரங்களின் படம் அந்தக் குழாய்க்காகவே வரையப்பட்டது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கலந்து புது நிறமாகத் தெரிவதும், ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போவதும் எல்சிடியில் முழுதாக வராது. பொதுமக்களை முதலில் மேசைப் பக்கம் இழுப்பதும் உள்ளே இருக்கும் ராஸ்பெர்ரி பை அல்ல, அந்தக் குழாயின் வெளிச்சம்தான்.

சிஆர்டி கொண்டுவருபவர்கள் கவனிக்க: காரில் திரை முன் இருக்கையின் முதுகைப் பார்க்கும்படி வைத்துப் பெல்ட் போடுங்கள். கொமோடோர் 1084-இல் அடிக்கடி தோற்பது பவர் சுவிட்ச். அதை எப்போதும் போட்ட நிலையில் விட்டு, பவர் ஸ்ட்ரிப்பில் அணைப்பவர்கள் அதிகம். பின்மூடியைக் கண்காட்சியில் திறக்கவே கூடாது, குழாயின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பார்வையாளர் எடுக்கும் படங்களில் கறுப்புப் பட்டை விழும். 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்துக்கு ஷட்டர் 1/25, 60 ஹெர்ட்ஸுக்கு 1/30 என்று ஒரு சிறு சீட்டு ஒட்டினால் நன்றி சொல்வார்கள்.

எல்சிடிதான் என்றால் இயந்திரத்துக்கு இயந்திரம் வழி வேறு. கொமோடோர் 64-ஐ நேராக டிவியின் காம்போசிட்டில் செருகினால், அது அனுப்பும் பின்னல் (இன்டர்லேஸ்) இல்லாத படத்தை டிவி பின்னல் படம் என்று எண்ணிக் கலைக்கும். மினுக்கும் பொருள்கள் பாதி நேரம் காணாமல் போகும், பொத்தானுக்கும் அசைவுக்கும் நடுவே தாமதம் தெரியும். இதன் வெளியீட்டில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியே வருவதால் எஸ்-வீடியோ கேபிள் செய்து ரெட்ரோடிங்க் போன்ற ஸ்கேலருக்கு (படத்தைப் புதிய திரைக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கொடுக்கலாம். நிறக் கம்பியில் சுமார் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். போடாவிட்டால் நிறம் மிதமிஞ்சி, சாய்ந்த கோடுகளாகத் தெரியும். ஓஎஸ்எஸ்சி என்ற ஸ்கேலரும் நல்ல கருவி, தாமதமே இல்லை. ஆனால் அது ஆர்ஜிபி, காம்பொனென்ட் வகைகளுக்கு மட்டுமே. எஸ்-வீடியோ ஏற்காது என்று தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

அமிகா 500-க்கு, படம் தரும் டெனிஸ் சிப்பின் சாக்கெட்டில் உட்காரும், ராஸ்பெர்ரி பை ஸீரோவோடு கூடிய ஆர்ஜிபி2எச்டிஎம்ஐ அருமையானது. அனலாகாக மாறுவதற்கு முன்பே டிஜிட்டலாகப் படத்தை எடுப்பதால் புள்ளி ஒவ்வொன்றும் கூர்மை. பால் (PAL) எனும் ஐரோப்பிய டிவி முறை இயந்திரம் 50 ஹெர்ட்ஸ் தரும். அலுவலக மானிட்டர்கள் பல அதை ஏற்காமல் “சிக்னல் இல்லை” என்று சொல்லிவிடும். அரங்கத்தில் தரும் மானிட்டரை நம்பாதீர்கள். வீட்டில் ஓட்டிப் பார்த்ததையே கொண்டுபோங்கள்.

பைஸ்டார்ம் போட்ட அமிகா, அமிகாதானா?

இந்தக் கேள்வி மேசைக்கு முன் நின்று சண்டையாகவே மாறும். நடப்பது இது: 500-இன் சாக்கெட்டிலிருந்து 7 மெகாஹெர்ட்ஸ் 68000 செயலியைக் கழற்றி, அங்கே பைஸ்டார்ம் அட்டையையும் ராஸ்பெர்ரி பை 3 வகை ஒன்றையும் வைக்கிறோம். பை, 68000 வரிசைச் செயலியாக நடிக்கிறது, பல மடங்கு வேகத்தில். மெமரியும் ஹார்டு டிஸ்க்கும் பையிலிருந்தே வருகின்றன. படத்தை ஆக்னஸ், டெனிஸ் சிப்களும், ஒலியை பாலா சிப்பும் தரும்வரை நீங்கள் பார்ப்பதும் கேட்பதும் அசல் அமிகாதான். பையின் எச்டிஎம்ஐ வழியே ஆர்டிஜி திரையை (பை தானே வரையும் படம்) காட்டத் தொடங்கியதும், 1987-ன் சிப்களுக்குப் படத்தில் பங்கில்லை. இரண்டுமே காட்டத் தகுந்தவை. முதலாவதை அமிகா என்று தயங்காமல் எழுதுங்கள். இரண்டாவதற்கு “அமிகா உடலில் ராஸ்பெர்ரி பை” என்பது நேர்மையான பெயர் என்று நினைக்கிறோம். கோபப்படுபவர்கள் உண்டு.

செய்முறையில் கவனிக்க: 64 கால் சிப்பை ஒரு பக்கமாக நெம்பினால் கால் வளையும். இரு முனைகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தூக்குங்கள். பைக்கு வேண்டிய மின்சாரமும் அமிகாவின் 5 வோல்ட்டிலிருந்தே போகிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பை குறைமின்னழுத்த எச்சரிக்கை தரும். காரணமில்லாமல் தொங்கும் பைஸ்டார்ம்களில் பெரும்பகுதி இதனால்தான். பையைச் செயலியாக நடிக்க வைக்கும் நிரல், லினக்ஸின் மேல் ஓடும் முஸாஷி வகையானால், பட்டென்று அணைத்தால் கார்டின் கோப்பு முறை கெடலாம். கண்காட்சிக்கு நேரடியாக ஓடும் எமு68 மேல். அதிலும் ஹார்டு டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கினால் அந்தப் பகுதியை அமிகா மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும், ஆகவே காட்சி நேரத்தில் எதையும் சேமிக்காத நிரல்களையே ஓட்டுங்கள்.

ஒலிச் சிப் செத்துவிட்டது. மாற்றுச் சிப் வைக்கலாமா?

வைக்கலாம். கொமோடோர் 64-இன் ஒலிச் சிப்பான அசல் சிட் இப்போது தயாரிப்பில் இல்லை, போலிகள் நடமாடுகின்றன. ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் இரண்டும் நன்றாகவே ஒலிக்கும். அசலையே தேடிப் பொருத்தினால் வகையைப் பாருங்கள்: 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். 12 வோல்ட் போர்டில் 8580-ஐச் செருகினால் கெட்டுவிடும்.

பழைய பெட்டிக்குள் முழுப் புதிய போர்டு?

அல்டிமேட் 64 அப்படிப்பட்டது, கொமோடோர் 64 உடலில் கச்சிதமாக உட்காரும் எஃப்பிஜிஏ (பழைய சிப்களைப் போல நடந்துகொள்ளும்படி அமைக்கக்கூடிய சிப்) போர்டு. அதே போல ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட், மெகா65 ஆகியவை உடலோடு புதிதாகவே வந்தவை. இவற்றைப் பழைய இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒப்பீட்டுக்காக வைத்தால் சுவாரசியம். பழையதன் இடத்தில் வைத்தால், தெரிந்தவர் வந்து கேட்கும் முதல் கேள்விக்கே சங்கடப்பட வேண்டியிருக்கும்.

வைஃபை மோடம் மாட்டி பிபிஎஸ் காட்டலாமா?

பிபிஎஸ் என்பது மோடம் வழியே நுழையும் பழைய கால இணையப் பலகை. காட்டலாம், கூட்டமும் சேரும். இஎஸ்பி8266 சிப் உள்ள மோடம்கள் கொமோடோரின் யூசர் போர்ட்டில் மாட்டுகின்றன. அட்டாரிக்கு ஃபூஜிநெட் உண்டு. தோல்விக்குக் காரணம் எப்போதும் அரங்கத்தின் வைஃபை. உலாவியில் பக்கம் திறந்து “ஒப்புக்கொள்கிறேன்” அழுத்தச் சொல்லும் வலையமைப்பில் இந்த மோடமால் நுழைய முடியாது. 5 கிகாஹெர்ட்ஸும் அதற்குத் தெரியாது. சிறிய டிராவல் ரவுட்டர் ஒன்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பை நீங்களே அமைத்து, மோடத்தை அதில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டும் ஆகும், 2.4-இல் பூட்டியிருந்தால்.

எட்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால் சூடு தாங்குமா?

கொமோடோர் 64-இன் சில போர்டுகளில் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை ஒன்று மேலே மூடியிருக்கும். ரேடியோ இடையூறைத் தடுக்க வைத்தது. காற்றையும் சேர்த்தே தடுக்கிறது. எடுத்து, மடிக்காமல் பத்திரப்படுத்துங்கள். உலோகத் தகடாக, நாக்குகள் சிப்பைத் தொடும்படி இருந்தால் எடுக்காதீர்கள். அது ஹீட் சிங்க் வேலையும் பார்க்கிறது. காய்ந்த பசையைச் சுரண்டிப் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும். தனி ஹீட் சிங்க் ஒட்டுவதானால் தெர்மல் டேப். எப்பாக்ஸி கழற்ற வராது. டேப் சூட்டில் இளகி, சாய்ந்த போர்டில் ஹீட் சிங்க் நழுவி விழுந்து ஷார்ட் ஆனதும் உண்டு, எனவே பயணம் முடிந்ததும் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டே மின்சாரம் கொடுங்கள்.

மதிய இடைவேளையில் அரை மணி நேரம் அணைப்பது நல்லது. நாள் முழுக்கப் போட்டு அணைத்து விளையாடுவது நல்லதல்ல.

உடல் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வைக்க வேண்டுமா?

கண்காட்சிக்கு வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் வெளுக்கும்தான். திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு, மஞ்சள் திரும்பவும் வரும். சோப்புத் தண்ணீரில் கழுவிய, சீராக மஞ்சளான உடல் பார்க்க நன்றாகவே இருக்கும்.

அமெரிக்க இயந்திரம், பிரிட்டிஷ் இயந்திரம் — எங்கே எது ஓடும்?

பிரிட்டனிலிருந்து வந்தது இந்தியாவிலும் இலங்கையிலும் பிளக் மாற்றினால் நேராக ஓடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பால் முறை. அமெரிக்காவிலிருந்து வந்ததை ஒருபோதும் நேரடியாகச் செருகாதீர்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. புதிய பவர் சப்ளை போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது, படத்தின் என்டிஎஸ்சி முறை (அமெரிக்க டிவி முறை) மட்டும் அப்படியே இருக்கும். ஐரோப்பிய டெமோக்கள் பால் கொமோடோரின் 312 வரிகளையும் வரிக்கு 63 சுழற்சியையும் எண்ணி எழுதப்பட்டவை. என்டிஎஸ்சியில் 263 வரி, 65 சுழற்சி. படம் கலையும் அல்லது ஓடவே ஓடாது. டெமோ காட்ட விரும்பும் அமெரிக்கர்கள் பால் இயந்திரம் தேடுவது இதனால்தான்.

இந்தியாவில் தேடுபவர்களுக்கு இரண்டு தடங்கள் உண்டு. 1984-ல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்தவை பிபிசி மைக்ரோக்கள். டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று விற்றது டிபி ஸ்பெக்ட்ரம். கடலோர ஊர்களில் கிடந்த பெட்டிகளில் சிப்பின் கால்கள் கறுத்து, சாக்கெட்டில் தொடர்பு விட்டிருக்கும். ஒவ்வொரு சிப்பையும் மெல்லத் தூக்கி, காண்டாக்ட் கிளீனர் விட்டு மறுபடி உட்கார வைத்தாலே பாதி “செத்த” இயந்திரங்கள் எழுந்துவிடும்.

விளக்க அட்டையில் என்ன எழுதுவது?

தபால் அட்டை அளவு, நான்கைந்து வரி, நின்றபடி படிக்கும் எழுத்து. மாதிரிக்கு:

கொமோடோர் 64 — 1982-ல் அறிமுகம், அமெரிக்க விலை 595 டாலர்.
அசல்: போர்டு, 6510 செயலி, படச் சிப், ஒலிச் சிப், கீபோர்டு.
புதியது: பவர் சப்ளை, ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் (டிரைவுக்குப் பதில்).
தொடலாம். ஆட்டம் நின்றால் பின்னால் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.

“முழுதும் அசல்” என்று எழுத ஆசை வந்தால் கெபாசிட்டர் வரை யோசித்துவிட்டு எழுதுங்கள். வாய்ப்பிருந்தால் கழற்றிய பாகத்தைச் சிறு கண்ணாடிப் பெட்டியில் அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். 64 கால் 68000-ஐ முதன்முறை பார்க்கும் சிறுவர்கள் அதைவிட்டு நகர மாட்டார்கள்.

விளையாட்டுகளின் உரிமம்?

நிகழ்ச்சி நடத்துபவரைக் கேளுங்கள். சந்தேகமே வேண்டாம் என்றால் இந்த இயந்திரங்களுக்கு இன்றும் புதிதாக எழுதப்படும் விளையாட்டுகளைக் காட்டலாம். எழுதியவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

கூடவே என்ன எடுத்துப் போவது, முடிந்ததும் எந்த வரிசையில் அணைப்பது?

மல்டிமீட்டர், பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், சிப் தூக்கும் கருவி, காண்டாக்ட் கிளீனர், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, உதிரி ஃப்யூஸ், கார்டு நகல்கள், உதிரி பவர் சப்ளை, சுவிட்சும் ஃப்யூஸும் உள்ள சொந்தப் பவர் ஸ்ட்ரிப், மேசை முன்புறம் கம்பிகளை மறைக்க ஒரு கறுப்புத் துணி. கொமோடோர் 64 சுமார் 20 வாட்டுக்குள், 14 அங்குல சிஆர்டி 70-80 வாட். இரண்டு ஜோடி வைத்தாலும் 200 வாட்டைச் சுற்றித்தான் வரும். அரங்கத்தின் சர்க்யூட்டை விழ வைப்பது பக்கத்து மேசையின் காபி மெஷின். சால்டரிங் அயர்னை எடுத்துப் போகலாம், கூட்டத்துக்கு நடுவே சூடாக்காதீர்கள்.

அணைக்கும்போது முதலில் நிரலை நிறுத்தி, எழுதும் விளக்கு எதுவும் எரியவில்லை என்று பாருங்கள். பிறகு கணினி, அதற்குப் பிறகு மானிட்டர், கடைசியில் ஸ்ட்ரிப். கார்ட்ரிட்ஜைக் கழற்றுவது மின்சாரம் போய்ச் சில விநாடிகள் கழித்தே. கார்டை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் பெட்டி கட்டாதீர்கள். துருத்திக்கொண்டிருக்கும் எஸ்டி கார்டு உடைவது நிகழ்ச்சியில் அல்ல, திரும்பும் வழியில் கார் டிக்கியில்.